பதில் பாட்டுக்கு உரியவள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் வாசலில் முதல் ஷிப்டு ஆட்களை இறக்கும் பேருந்துகள் வந்து நிற்கும் வேளையில், ஒரு தள்ளுவண்டி அங்கே ஆயத்தமாக நிற்கும். வண்டியின் ஒரு பாதியில் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும்; அது சாராளுடையது. மறுபாதியில் இட்லிக் குண்டான். அது புதுவாயல் பூவம்மாளுடையது. ஒரே வண்டியில் இரண்டு நாஷ்டாக் கடையா என்று தொழிலாளர்கள் கேலி செய்வார்கள். "இன்னும் பாகம் பிரிக்கலப்பா, அதான் ஒண்ணா கீறோம்" என்பாள் பூவம்மாள். சாராள் சிரித்துக்கொண்டே சொதியை ஊற்றுவாள்.

சாராள், இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான மறுவாழ்வு முகாமில் குடியிருப்பவள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வர்ணம் பூசும் வேலை பார்த்த கணவர் எட்வர்ட் நெஞ்சு நோயில் இறந்துபோனார். மகள் பிரின்சி கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றிலும், மருமகன் விமல் இரும்பு உருக்காலை ஒன்றிலும் வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் ஆலயத்தில் இரண்டாம் வரிசையில் சாராளைப் பார்க்கலாம். இவ்வளவும் அறிந்த பூவம்மாளுக்குங்கூட, அவளுக்கு நூர்சியா என்று வேறொரு பெயர் இருந்தது நெடுங்காலம் தெரியாது.

சாராள் கொழும்பு, கொம்பனித்தெருவில் பிறந்த மலாய்ப் பெண். இலங்கையில் மலாய்க்காரர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அவள் வைத்திருந்த விடை சுருக்கமானது. "ஒல்லாந்தன் கப்பல்ல ஏத்திக்கொண்டு வந்து இறக்கிப்போட்டான். வாறீங்களா எண்டு எங்களை யார் கேட்டது?"

அவளுடைய தாய், கலியாண வீடுகளில் பந்துன் பாடுகிறவள். பந்துன் என்பது மலாய்க்காரர்களின் நாலடிப் பாட்டு. கொம்பனித்தெருக் கலியாணங்களில் பெண் வீட்டார் கேள்வியாக ஒரு பாட்டை எடுத்துவிட, மாப்பிள்ளை வீட்டார் பதில் பாட்டால் அதை மடக்க வேண்டும். பதில் வராவிட்டால் மாப்பிள்ளை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அந்தத் தாய் தன் பெண்கள் இருவருக்கும் பாட்டுக் கற்பித்த முறை வேறெந்த வீட்டிலும் இல்லாதது. இளையவள் மைமூனுக்குக் கேள்விகளை மட்டும் சொல்லிக்கொடுத்தாள். மூத்தவள் நூர்சியாவுக்குப் பதில்களை மட்டும் சொல்லிக்கொடுத்தாள். கற்பிக்கும்போது மற்றவளைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். ஒருத்தி இல்லாமல் மற்றவள் சபையேற முடியாது என்று இருந்தால், எங்கே வாழ்க்கைப்பட்டாலும் இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. அதற்கு ஒரு விதியும் வகுத்திருந்தாள்: கேள்வி கேட்காதவருக்குப் பதிலைப் பாடிக் காட்டக் கூடாது.

நூர்சியா இருபது வயதில், அச்சகத்தில் வேலை பார்த்த எட்வர்ட் என்னும் தமிழ்க் கிறிஸ்தவரை நம்பி வீட்டை விட்டுப் போனாள். திருகோணமலையில் ஞானஸ்நானம் பெற்றுச் சாராள் ஆனாள். எனக்கு அப்படி ஒரு மகள் இல்லை, அவள் மௌத்தாகிவிட்டாள், செத்துப்போனாள் என்று தகப்பனார் தெருவில் நின்று சொன்னதாகச் செய்தி வந்தது. கோபத்தில் அப்படிச் சொல்லாத தகப்பன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். பிறகு போர் முற்றியது. தொண்ணூறில் படகேறி, மண்டபம் முகாமில் தங்கி, கும்மிடிப்பூண்டிக்கு வந்துசேர்ந்தாள். பதில்கள் அவளோடு வந்தன. கேள்விகள் கொம்பனித்தெருவில் தங்கிவிட்டன.

சென்ற ஆண்டு முகாமில் ஒரு கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையின் உறவினர்கள் ஆலய வாசலில் நின்று பெண் வீட்டாரைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆரவாரத்தில் சாராளுக்கு என்ன தோன்றிற்றோ, வாசலிலிருந்து கேள்வி ஒன்று வந்ததாகவே எண்ணிக்கொண்டு, தன் பதில் பாட்டு ஒன்றைக் கணீரென்று எடுத்துப் பாடிவிட்டாள். யாருக்கும் பொருள் விளங்கவில்லை. ஆயினும் எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ அதைக் கைப்பேசியில் படமெடுத்து வெளியிட்டார்கள்.

அந்தப் படம் எங்கெங்கோ சுற்றிக் கடம்பத்தூர்ச் சந்திரமோகனின் கண்ணில் பட்டது. அவர் ஜொகூரில் மரச்சாமான் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டு வேலை செய்து திரும்பியவர். மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊர் திரும்பியபின், மலாய் உறவுப் பேரவை என்னும் அமைப்புக்குச் சென்னைப் பக்கத்து வேலைகளைப் பார்த்துக்கொடுத்து வந்தார். மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, இலங்கை, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளிலும் சிதறிக் கிடக்கும் மலாய் மக்களை ஒரு குடும்பமாக்குவதே அந்தப் பேரவையின் நோக்கம். ஆண்டுதோறும் ஒரு நாட்டில் கூடுவார்கள். இந்த முறை கொழும்பில் கூட்டம்.

சந்திரமோகன் ஒருநாள் காலையில் வண்டியருகே வந்து நின்றார். இடியாப்பம் கேட்கவில்லை.

"அம்மா, அந்தப் பாட்டு நீங்க பாடினதா?"

"ஏன், பிழையோ?"

"பிழை இல்லம்மா. கொழும்புக்கு அனுப்பி வச்சேன். அங்கே எங்க கிளையோட துணைத்தலைவி அதைப் பார்த்துட்டு, 'இது எங்க ஊட்டுப் பதில்'னு சொல்லிட்டாங்க. அவங்க பேரு மைமூன்."

சாராளின் கையிலிருந்த கரண்டி சொதிப் பானைக்குள் நழுவிவிட்டது. பூவம்மாள்தான் அதை எடுத்தாள். "யாரும்மே அது மைமூனு? மூஞ்சி ஏன் இப்புடிப் போவுது?"

அன்றைக்குத்தான் பூவம்மாளுக்கு எல்லாவற்றையும் சாராள் சொன்னாள். கேட்டு முடித்ததும் பூவம்மாள், "அப்போ இத்தினி வருசமா நான் ஒரு மலாய்க்காரியோடதான் வண்டி தள்ளினு கீறேனா? சொல்லியிருந்தா நாலு காசு ஏத்தி வித்திருப்பேனே" என்றாள்.

இரண்டொரு நாளில் பிரின்சியின் கைப்பேசியில் மைமூனின் முகம் தெரிந்தது. பருத்துவிட்டாள், தலையில் முக்காடு, கண்ணாடி. நாற்பது ஆண்டுக்கு மேலாகப் பேசாதிருந்த வீட்டு மலாய், சாராளின் வாயில் முதலில் கல்லும் மண்ணுமாக வந்தது. இருவரும் அழுதார்கள். தகப்பனார் போய்விட்டதையும், பின்னர்த் தாய் போய்விட்டதையும் மைமூன் சொன்னாள். தாயின் கேள்விகளுக்குப் பதில் பாட ஆளில்லாமல், இத்தனை காலமும் பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு தவித்ததாகவும் சொன்னாள்.

"கூட்டத்தில் நம் வீட்டுப் பாட்டை முழுதாகப் பாட வேண்டுமென்று பேரவையில் கேட்கிறார்கள், அக்கா. நீ வர முடியுமா?"

சாராளிடம் கடவுச்சீட்டு இல்லை. முகாமில் இருப்பவர்கள் நினைத்தபோது நாட்டை விட்டுப் போய்வர முடிவதில்லை. அதைச் சொன்னாள். அப்படியானால் கூட்ட மண்டபத்தில் பெரிய திரை வைத்துக் காணொளியில் இணைத்துவிடலாம், நான் மேடையில் கேட்கிறேன், நீ திரையில் பதில் பாடு என்றாள் மைமூன்.

"பாடுகிறேன். ஒன்று மட்டும் செய். பாடுவதற்கு முன்னால், சபைக்கு என்னைக் காட்டி, 'இவள் என் அக்கா நூர்சியா' என்று உன் வாயால் சொல். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்."

மைமூன் சற்றே தாமதித்து, "சொல்கிறேன், அக்கா" என்றாள்.

அந்தத் தாமதத்தைச் சாராள் தொடர்பின் தாமதம் என்று எடுத்துக்கொண்டாள். பிரின்சி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று முதல் சாராளின் நடையே மாறிவிட்டது. மாவு பிழியும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். முகாமில் அவளுக்கு அன்பு காட்டாதவர் யாருமில்லை; ஆனால் அவள் பிறந்த வீட்டை அறிந்தவர் ஒருவரும் இல்லை. எட்வர்டின் உறவினர்களுக்கு அவள் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவள். தாய் வீடு என்று சொல்லிப் போய் நிற்க ஒரு வாசல் இல்லாமலே கிழவியாகிவிட்டாள். இப்பொழுது ஐந்து நாட்டு மலாய்க்காரர்கள் கூடியிருக்கும் சபையில், அந்த வீட்டின் மூத்த மகள் நான்தான் என்பதைத் தங்கை சொல்லப்போகிறாள். அதற்காக இன்னொரு நாற்பது ஆண்டு காத்திருக்கச் சொன்னாலும் அவள் காத்திருப்பாள்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் சந்திரமோகன் முகாமுக்கு வந்தார். பதில்களையெல்லாம் ஒருமுறை பாடி ஒலிப்பதிவு செய்துகொடுக்க வேண்டும் என்றார்.

"என்னத்துக்கு?" என்றாள் சாராள்.

"ப்ராக்டீஸுக்கும்மா. அங்கே ஒங்க தங்கச்சி ஒங்க பதிலைக் கேட்டுக் கேட்டுப் பழகினாத்தான், மேடையில எங்கே நிறுத்தணும், எங்கே எடுக்கணும்னு தெரியும். நெட்டு வேற நம்ம கையிலயா கீது? நடுவுல கட்டாயிடுச்சின்னா?"

பிரின்சி வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தாயை அடுப்படிப் பக்கம் அழைத்துப் போய், "குடுக்காதம்மா" என்றாள்.

"ஏனடி?"

"அது ஒன்கிட்ட இருக்கிற வரைக்கும்தான் அவங்களுக்கு நீ வேணும். அதையும் தூக்கிக் குடுத்துட்டு இன்னாத்தை வச்சிக்கினு நிப்பே?"

"அவ என்ர கூடப்பிறந்தவள்."

"நாப்பது வருசமா இந்தக் கூடப்பிறந்தவங்க எங்கே போயிருந்தாங்க?"

"நான் போனனான். அவ போகேல்லை" என்று சொல்லிவிட்டுச் சாராள் வெளியே வந்தாள்.

ஆனால் தாயின் விதி குறுக்கே நின்றது. கேள்வி கேட்காதவருக்குப் பதிலைப் பாடக் கூடாதே. கேள்விகளோ மைமூனிடம் இருந்தன. அவற்றை அவள் கைப்பேசியில் எழுத்தாக அனுப்பிவைத்தாள். கேள்விகளைச் சந்திரமோகனே கேட்பது என்று முடிவாயிற்று. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண் வீட்டார் பாட வேண்டிய முதற் பாட்டைத் தம் ஜொகூர்த் தொழிற்சாலை மலாயில், கங்காணி ஆள் கூப்பிடுகிற குரலில் படித்தார்.

பூவம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பொண்ணு ஊட்டுக்காரரே, கொஞ்சம் வெக்கப்பட்டுக் கேளும். லாரிக்கு வழி சொல்றாப்பல கீது."

"பொருளைச் சொல்லிட்டா இந்த அம்மாவும் கேக்கறதுக்குத் தோதா இருக்கும்" என்று சந்திரமோகன் தமிழில் சொல்லிக் காட்டினார்:

முருங்கைக் கிளையில் மூன்று புறா, முறிந்தால் யார் பொறுப்பு?
எங்கள் பெண்ணுக்கு மூக்கில் கோபம், உங்கள் பிள்ளை தாங்குவானா?

சாராள் கண்களை மூடிக்கொண்டாள். லாரிக்கு வழி சொல்லும் குரலுக்குள்ளிருந்து தங்கையின் குரலைப் பிரித்தெடுத்துக்கொண்டவள் போலச் சற்று இருந்துவிட்டுப் பதிலை எடுத்தாள். பாடி முடித்தபின் பூவம்மாளுக்காக அதன் பொருளைத் தானே சொன்னாள்:

முள்ளை எண்ணி மீனைப் பூனை விட்டதாக எங்கே கண்டீர்?
கோபம் இல்லாத பெண்ணைக் கேட்டு எங்கள் வீட்டில் யார் அழுதார்?

"இது நம்ம ஊர்ப் பாட்டு மாதிரியே கீதே" என்றாள் பூவம்மாள்.

மூன்று பிற்பகல்கள் அப்படிப் பாடினாள். வயதின் காரணமாக நீண்ட அடிகளில் அவளுக்கு மூச்சு வாங்கியது. சொல்லின் நடுவிலேயே நிறுத்தி, காற்றை இழுத்துக்கொண்டு, மீதிச் சொல்லைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதைத் திரும்பப் பாடித் தரட்டுமா என்று கேட்டாள். பரவாயில்லை, போதும் என்றார் சந்திரமோகன். போகும்போது அவர் சாராளின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது.

கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை சாராள் ஆலயத்துக்குப் போகவில்லை. பிரின்சி, கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் வலைத்துணி வாங்கி அவளுக்கு, மலாய்ப் பெண்கள் அணியும் கெபாயாச் சட்டை ஒன்று தைத்துக்கொடுத்திருந்தாள். வேண்டாமென்று வாதாடியவளேதான் அதைத் தைத்தாள். பூப்போட்ட சாரமும் அந்தச் சட்டையும் அணிந்து, கொண்டையில் பூச்செருகிக்கொண்டு சாராள் வெளியே வந்தபோது, "தே, யார் ஊட்டுப் புதுப்பொண்ணு இது?" என்று பூவம்மாள் அவளைச் சுற்றி வந்து பார்த்தாள். சாராளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

விமல் தன் கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்தான். அக்கம்பக்கத்தார் பத்துப் பதினைந்து பேர் பாயில் வந்து அமர்ந்தார்கள். சாராளுக்கு எதிரே பிரின்சியின் கைப்பேசி ஒரு டப்பாவின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முறை வந்ததும் கொழும்பிலிருந்து அழைப்பார்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும். மண்டபத் திரையில் சாராளின் முகம் தெரியும். அப்படித்தான் சந்திரமோகன் சொல்லியிருந்தார். அவரும் கொழும்புக்குப் போயிருந்தார்.

மண்டபம் பெரியது. கொடிகள், மலர்வளைவுகள், பட்டுச் சட்டைகள். எல்லைகள் நம்மைப் பிரிக்கவில்லை, நாம் ஒரே குடும்பம் என்று தலைவர் பேசினார். சாராள் அதை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழாக்கிச் சொன்னாள். அவள் குரலில் பெருமை பொங்கிற்று. பிறகு மைமூன் மேடையேறினாள். அவளோடு இளம்பெண் ஒருத்தியும் வந்து நின்றாள்.

"அதுதான் என்ர தங்கச்சி" என்றாள் சாராள். "பக்கத்தில நிக்கிறது மருமகளாக இருக்கும்."

பிரின்சியின் கைப்பேசி அசையாமல் இருந்தது. விமல் அதை எடுத்து, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் வைத்தான்.

மைமூன் பேசினாள். சாராள் மொழிபெயர்த்தாள். "எங்கட உம்மாவைப் பற்றிச் சொல்றா… இரண்டு பேருக்கும் பாட்டைப் பிரிச்சுக் குடுத்ததைச் சொல்றா… எனக்கு ஒரு அக்கா எண்டு சொல்றா." பாயில் இருந்தவர்கள் சாராளைப் பார்த்துச் சிரித்தார்கள். சாராள் தலையை நிமிர்த்தி, டப்பாவின்மேல் இருந்த கைப்பேசியின் பக்கம் கையை நகர்த்தினாள்.

அதன்பின் அவள் மொழிபெயர்க்கவில்லை.

மைமூன் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டாள். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. எல்லாரும் கைகளை ஏந்தினார்கள்.

"இன்னாத்துக்கு எழுந்திருக்கிறாங்க? யாருக்கு துவா பண்றாங்க?" என்று கேட்டாள் பூவம்மாள்.

"எனக்குத்தான்" என்றாள் சாராள்.

பூவம்மாள் சிரித்துவிட்டாள். இன்னும் இரண்டொருவரும் சிரித்தார்கள். பிரின்சி மட்டும் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா சொல்றாங்க அவங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் தொண்ணூறில இந்தியாவுக்கு வாற வழியில படகு கவிழ்ந்து கடல்ல போயிட்டன் எண்டு சொல்றா. போறதுக்கு முன்னம் பதிலெல்லாத்தையும் தன்னட்டச் சொல்லிக் குடுத்துப்போட்டுப் போனனாம். அதைத் தன்ர மருமகளுக்குப் பழக்கியிருக்கிறாவாம்."

திரையில் மைமூன் கேள்வியைப் பாடினாள். சாராள் அந்தக் கேள்வியைத் தங்கையின் சொந்தக் குரலில் கேட்டது நாற்பது ஆண்டுக்குப் பிறகு அப்போதுதான். அவளை அறியாமல் வாய் திறந்தது. ஆனால் மருமகள் முந்திக்கொண்டாள்.

நல்ல குரல். இளமையான, மூச்சு வாங்கியறியாத குரல். அப்படியிருந்தும் அந்தப் பெண் நீண்ட அடிகளில் சொல்லின் நடுவே நிறுத்தினாள், காற்றை இழுத்தாள், மீதிச் சொல்லைப் பிடித்தாள். கிழவியின் மூச்சுத் திணறலையும் பாட்டின் இலக்கணம் என்றெண்ணி அப்படியே படித்துவைத்திருந்தாள். மண்டபம் அதற்கும் தலையாட்டிற்று. சாராள் ஒவ்வொரு பதிலிலும் தன் மூச்சு எங்கே வாங்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து, அந்த இடம் வரும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைச்சிரு விமல்" என்றாள் பிரின்சி.

"இருக்கட்டும். முடியட்டும்" என்றாள் சாராள்.

கடைசிப் பாட்டு வரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, மறுநாளைக்கு அரிசி மாவை வறுக்கத் தொடங்கினாள். பூவம்மாள் நெடுநேரம் வாசலில் நின்றாள். "சொல்லிட்டுப் போறாங்க போ" என்று சொல்லிப் பார்த்தாள். தான் சொன்னது தனக்கே பிடிக்காமல் அங்கேயே உட்கார்ந்து மாவைச் சலிக்கலானாள்.

ஒரு வாரங்கழித்துச் சந்திரமோகன் வண்டியருகே வந்தார். பூவம்மாள் அவரைப் பார்த்ததும் இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். "வாங்க தொரை. செத்தவங்க கடையில நாஷ்டா துன்ன வந்தீங்களா? இடியாப்பம் கீது, சில்லுனு கீது. கடல்ல ஊறினது."

சுற்றி நின்ற தொழிலாளர்கள் ஒன்றும் விளங்காமல் சிரித்தார்கள். சந்திரமோகன் சிரிக்கவில்லை.

"தப்புதாம்மா" என்றார் சாராளிடம்.

"ஒலிப்பதிவு செய்ய வந்த அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒங்க தங்கச்சி போன்ல அழுதாங்க. அக்கா உசுரோட கீறாங்கன்னு எங்க ஊட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு கெஞ்சினாங்க. பேரவைக்கும் பாட்டு முழுசா வேணும்னாங்க. நான் நடுவுல மாட்டிக்கினேன்."

"என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா பாடியிருப்பீங்களா?"

"பாடியிருக்க மாட்டன்."

"அதனாலதாம்மா சொல்லல" என்றார் அவர். இவ்வளவு நேர்மையாகப் பேசக்கூடியவர் அன்றைக்கே பேசியிருக்கலாமே என்று சாராள் நினைத்தாள். அடுத்து நின்றவருக்குச் சொதி ஊற்றத் திரும்பினாள். சந்திரமோகன் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மைமூன் அழைத்தது அதற்கும் பின்னால்தான். ஒரு பிற்பகல், விமல் இரவு ஷிப்டு முடித்து உள்ளே உறங்கிக்கொண்டிருந்தான். பிரின்சி வாராந்திர விடுமுறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாராள் கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தங்கை பேசுகிறாள் என்பது உடனே புரிந்தது.

"கேட்டாயா, அக்கா? மருமகள் நன்றாகப் பாடினாளா?"

சாராளுக்கு அந்தக் கேள்வியை நம்ப முடியவில்லை. மைமூன் மன்னிப்புக் கேட்பாள், காரணம் சொல்வாள், அழுவாள் என்றெல்லாம் எண்ணி வைத்திருந்தாள்; பாராட்டை எதிர்பார்ப்பாள் என்று எண்ணவில்லை.

"நான் எப்போது செத்தேன், மைமூன்?"

மைமூன் கொட்டித் தீர்த்தாள். நூர்சியா போன அந்த மாதமே தகப்பனார் வீட்டில் கத்தம் ஓதிவிட்டார். இறந்தவர் பெயரால் ஓதிச் சோறு கொடுப்பது. ஊருக்குக் காய்ச்சலில் இறந்ததாகச் சொன்னார்கள்; ஊர் முழுதாக நம்பவில்லை. தொண்ணூறில் படகு கவிழ்ந்த செய்திகள் வந்தபின், கடலில் போனதாக மாற்றிக்கொண்டார்கள்; அதைச் சொல்வது எளிதாக இருந்தது. மைமூனைக் கட்டிக்கொடுத்த வீடு மார்க்கத்தில் கண்டிப்பானது. மதம் மாறிப்போன அக்கா உயிரோடிருந்தால் அந்தச் சம்பந்தமே நடந்திராது. ஒவ்வோர் ஆண்டும் கத்தம் தவறியதில்லை. பேரப்பிள்ளைகள் அவளுக்காக ஓதுகிறார்கள்.

"இப்போது போய் நீ உயிரோடிருக்கிறாய் என்றால், இத்தனை வருடம் ஓதியதெல்லாம் என்ன, அக்கா? என் பிள்ளைகள் என்னை எப்படிப் பார்ப்பார்கள்?"

"உம்மா? உம்மாவுக்கு நான் உயிரோடிருப்பது தெரியுமா?"

"தெரியும்."

"அந்தச் சோற்றை யார் சமைத்தது?"

"உம்மாதான். வேறு யாரையும் அடுப்படிக்குள் விடமாட்டாள்."

"என்ன சமைத்தாள்?"

"உனக்குப் பிடித்ததுதான். மஞ்சள் சோறும் குடல் கறியும்."

தகப்பன் சொன்னதைக் கோபம் என்று எண்ணிச் சாராள் தன்னைத் தேற்றிக்கொண்டாளே, அந்தக் கோபத்துக்குக் கறி சமைத்தது தாயின் கை. உப்புப் பார்த்திருப்பாள். மகளுக்குப் பிடித்த பதத்தில் இறக்கியிருப்பாள். மகள் திருகோணமலையில் பசித்திருந்த நாள்களிலும், மண்டபம் முகாமில் அரிசிக்கு வரிசையில் நின்ற நாள்களிலும், யார் யாரோ வந்தமர்ந்து அவள் பெயரைச் சொல்லி அதை உண்டிருப்பார்கள். தங்கை செய்தது ஒரு நாளைய வேலை. தாய் செய்தது ஆண்டாண்டு தோறும்.

"அக்கா, இருக்கிறாயா?"

"இருக்கிறேன்."

"நீ கேட்டதை நான் மறக்கவில்லை. சபையில் முடியவில்லை. இப்போது சொல்கிறேன், கேள்." குழாயின் ஓசை இன்னும் பலத்தது. அதற்கடியில், உதடு பிரியாத குரலில் மைமூன் சொன்னாள்: "நீ என் அக்கா நூர்சியா."

சொன்னதோடு ஒரு பெருமூச்சும் வந்தது. கடனைத் தீர்த்துவிட்டவளின் நிம்மதி அதில் இருந்தது. யாரோ கதவைத் தட்டும் ஓசை; "வருகிறேன், வருகிறேன்" என்று மைமூன் பெரிய குரலில் சொல்வது கேட்டது. சாராள் அழைப்பைத் துண்டித்தாள்.

பிரின்சி மடித்த துணியை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரும்மா?"

"கொழும்பில ஒரு மனுசி. அக்கா ஒருத்தி இருந்தாவாம், செத்துப்போனாவாம். அதைச் சொல்லி அழுறா."

பிரின்சி மடியிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நீ இன்னா சொன்னே?"

"நான் என்னத்தைச் சொல்ல? யாரெண்டே தெரியாது" என்று சொல்லி, அந்த எண்ணிலிருந்து இனி அழைப்பு வராதபடி அடைத்துத்தரச் சொல்லிக் கைப்பேசியை மகளிடம் நீட்டினாள் சாராள்.